அப்பா பெயரில் ஒரு பை

நவம்பர் 8, சனி

காலை ஏழிலிருந்து பத்து வரை விடுதியில் பதினான்கு படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றினேன். மேல் படுக்கைக்கு விரிப்பு மாட்டுவதென்றால், ஏணியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக நின்று மெத்தையோடு மல்லுக்கட்ட வேண்டும். நாலாவது மூலையைச் சொருகும்போது முதல் மூலை வெளியே வந்து எட்டிப் பார்க்கும். ஐந்து வாரமாக இதுதான் வேலை. பதிலுக்கு எனக்கு ஒரு படுக்கை, ஒரு பூட்டு அலமாரி, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு.

பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைப்படி 19-ஆம் தேதிக்குள் இந்த நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இன்னும் பதினோரு நாள். 17-ஆம் தேதி பஸ்ஸில் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போவதாக யோசனை. கூட வருபவளுக்கு நான் வைத்த பெயர் குறட்டை. எனக்குக் கீழே உள்ள படுக்கை அவளுக்கு. பகலில் நல்ல பெண்.

விடுதியை நடத்துகிற அம்மாளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சாவிக்காரி. இடுப்பில் இருபது சாவி. இன்று காலையும் மாடிப்படிக்குக் கீழே நின்று என் அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்! வீட்டில் அப்பா ஒரே ஓர் எழுத்து; என் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு சமர்த்தாக நிற்பார். பாஸ்போர்ட்டுக்காக அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். அது போய்க் கடைசியில் உட்கார்ந்து குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே பதிவேட்டில் அதுதான் முதல் கட்டம். சாவிக்காரி பதிவேட்டைக் கைக்கெட்டின தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அதை வாசித்து வைத்துக்கொண்டாள். அதிலும் கடைசி எழுத்தை முழுங்கிவிடுகிறாள்.

ஃபிரிட்ஜில் அப்பா பெயரில் ஒரு பால் டப்பாவும் அரை ரொட்டியும் இருக்கின்றன. அம்மா முப்பத்தைந்து வருடமாக வாயால் சொல்லாத பெயர்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. காலுறை காயவில்லை. வேறு செய்தி இல்லை.

நவம்பர் 10, திங்கள்

அப்பாவிடமிருந்து மெயில்.

பதினான்கு மாதத்தில் முதல் தடவை. தலைப்பு இல்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு விமான டிக்கெட் மட்டும் இணைத்திருக்கிறார். 18-ஆம் தேதி மாலை ஆறு பத்துக்குக் கிளம்பி, நடுவில் ஓரிடத்தில் மாறி, 19 காலை வீடு. ஜன்னல் இருக்கை.

முப்பத்துமூன்று வருடம் ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் திருப்பித் தள்ளுவார். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் யாராவது நிறுத்தி, பண்டிகைக்கு எப்போது முன்பதிவு திறக்கும் என்று கேட்பார்கள். நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் இருந்தேன். நாற்காலியில் உட்காருகிறவர்கள் பலகையில் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால், கவுன்ட்டர் சார் பொண்ணுதானே நீ என்பார்கள். ஆமாம், மேல் வரியைப் படியுங்கள் என்பேன்.

கவுன்ட்டரில் அவர் எல்லாரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதோடு சரி. ஏன் போகிறீர்கள் என்று கேட்டதே இல்லை. என்னை மட்டும்தான் கேட்டார். நான் சொன்ன பதில் எதுவும் அவருக்குப் போதவில்லை. கிளம்புகிற அன்று அம்மாவிடம், "போறவளைப் பிடிச்சா வெக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு ஷேவ் பண்ணப் போனார். நான் ஷூ மாட்டும்போது கண்ணாடியில் பாதி முகம் நுரையோடு தெரிந்தது. திரும்பவில்லை.

இப்போது டிக்கெட். கேட்காமல், கொள்ளாமல். நான் என்ன பார்சலா?

நவம்பர் 11, செவ்வாய்

அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே, "நான் ஒண்ணும் சொல்லலைடி. பத்தொன்பதாம் தேதியோட அங்க இருக்க முடியாதாமேன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றாள். அவ்வளவு போதாதா அந்த மனிதருக்கு! டிக்கெட் இல்லாமல் ஒருத்தி நடுவழியில் நிற்கிறாள் என்று கேட்டால் சோறு இறங்காது.

இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். காபி கொண்டுபோய் வைத்தால் கவுன்ட்டரில் காபி கூடாது என்றாராம். அம்மா சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், கோபமாக இல்லாதிருந்தால்.

போனைக் கொடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பின்னால் அவர் இருமுவது கேட்டது. அவரும் வேண்டாமென்று கையைக் காட்டியிருப்பார். ஒரு வீட்டில் இரண்டு பிடிவாதம் என்றால் நடுவில் இருப்பவளுக்குத்தான் கை வலி.

குறட்டையிடம் டிக்கெட்டைக் காட்டினேன். நல்ல டிக்கெட்தான், ஆனால் நீ கேட்டாயா என்றாள். கேட்கவில்லை. அப்படியானால் பஸ்ஸுக்கு வா என்றாள். ரொம்ப எளிதான தலை அவளுக்கு.

நவம்பர் 12, புதன்

டிக்கெட்டை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

பயணி பெயர் என்ற இடத்தில் என் பெயர். குடும்பப் பெயர் என்ற இடத்தில் மறுபடியும் என் பெயர். அவர் பெயர் இல்லை. ஓர் எழுத்துகூட, அந்தப் புள்ளிகூட இல்லை.

தவறி விட்டிருக்கலாமே என்று யோசித்துப் பார்த்தேன். இவர் தவறி விடுகிற ஆளா? முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு பெயர் தப்பாகப் போட்டதில்லை என்று பிரிவுபசார விழாவில் மாலை போட்டவர்கள் சொன்னார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆக, தெரிந்துதான் எடுத்திருக்கிறார். வரச் சொல்கிறார், ஆனால் என் மகளாக வர வேண்டாம் என்கிறார்.

சரி, எடுத்துக்கோங்க. உங்க பேரு உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்கு வேணும்? நானா கேட்டேன் டிக்கெட்? — இவ்வளவு கோபம் இருந்தா எதுக்கு ஜன்னல் சீட்டு?

விரிப்பு மாற்றும்போது ஒரு தலையணை உறையைக் கிழித்துவிட்டேன். சாவிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் துடைக்கிற துணிக் கூடையில் போட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் விமான நிறுவனத்தின் அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். ஏன் போனேன்? தெரியவில்லை. படிவம் தப்பாக இருந்தால் நமக்கும் உறுத்துகிறது. ரத்தத்தில் வந்தது.

கவுன்ட்டரில் நகத்துக்கு நீலச் சாயம் பூசிய பெண். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது நாற்பது வார்த்தை, அவளுக்குப் பொறுமை நாற்பது நிமிடம். டிக்கெட்டில் இருப்பவர் யார் என்றாள். நான். பாஸ்போர்ட்டில் இருப்பவர்? அதுவும் நான். அப்படியானால் இந்தக் கடைசிப் பெயர் யார்? என் அப்பா. அது ஏன் டிக்கெட்டில் இல்லை என்றாள். நாற்பது வார்த்தைக்குள் அதற்குப் பதில் இல்லை.

இந்தப் பெயரில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். திருத்தலாம்; ஆனால் டிக்கெட் போட்டவரே தன் கணக்கில் நுழைந்து திருத்த வேண்டும். கிளம்புவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால். அதாவது 16-ஆம் தேதி மாலைக்குள் அப்பாவிடம் நான் கேட்க வேண்டும்: உங்கள் பெயரைத் திருப்பிப் போடுங்கள் என்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு நிம்மதிகூட இருந்தது, வெட்கமில்லாமல். நான் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் தப்பு, ஏற்றவில்லை. முடிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏறுகிற மலைக்குக் குறட்டையும் நானும் ஏறினோம். மூன்றரை மணி நேரம். மேலே முழுக்க மூடுபனி. காட்சிமுனை என்று எழுதிய பலகை மட்டும் தெரிந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இறங்கும்போது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

நவம்பர் 15, சனி

பஸ் நிலையத்தில் 17-ஆம் தேதிக்கு இடம் பதியப் போனோம். எல்லை தாண்டுகிற பஸ் என்பதால் படிவம் கொடுத்தார்கள். குறட்டை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் தந்தாள். நானும் மளமளவென்று எழுதினேன். பாதியில் பார்க்கிறேன், முதல் கட்டத்தில் அப்பா பெயர். முழுசாக, ஓர் எழுத்து குறையாமல். கை தானாக எழுதியிருக்கிறது. என் பெயர் இரண்டாவதாகத்தான்.

ஒரு வருடமாக நான் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து நாடுகள். ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு படகுத்துறையிலும், வயிற்றுப்போக்கோடு போய்ப் படுத்த அந்த மருத்துவமனையிலும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், நானும் எழுந்து போனேன். இது அவருக்குத் தெரியாது. சொன்னதில்லையே.

படிவத்தைக் கொடுக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாளை சொல்கிறேன் என்றேன் குறட்டையிடம். நாளை இடம் இருக்காது என்றாள். தெரியும் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒன்பது மணிக்கு அம்மா போனுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது அப்பா.

"அம்மா குளிக்கிறா" என்றார்.

"உங்ககிட்டதான் பேசணும்."

வீட்டு மின்விசிறி கடகடப்பது கேட்டது. இன்னும் அதைச் சரி செய்யவில்லை.

"டிக்கெட்ல பேரு தப்பா இருக்குப்பா."

"தப்பா இருக்காது." அதே கவுன்ட்டர் குரல்.

"என் பேரே ரெண்டு தடவை இருக்கு. உங்க பேரு இல்லை."

"தெரியும். அப்படித்தான் போட்டேன்."

போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம். கேட்டேவிட்டேன். "ஏன்ப்பா, அவ்வளவு கோபமா?"

"கோபமா?" என்றார். நிஜமாகவே புரியாத குரல். "நீதானேம்மா சொன்னே. எங்க போனாலும் உங்க பேருதான் முன்னாடி வந்து நிக்குது, என் பேர்ல ஒரு நாளாவது இருந்து பார்க்கணும்னு. ரெண்டாவது கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்கலை. ரொம்ப நேரம் யோசிச்சேன். சரி, உன் பேரையே போடுவோம்னு போட்டேன். ஒத்துக்கிச்சு."

நானா சொன்னேன்? சொல்லியிருக்கிறேன். சமையலறை வாசலில் நின்று, குக்கர் சத்தத்துக்கு மேலே கத்தி. சுத்தமாக மறந்துவிட்டேன். அவர் சொன்ன 'போறவளைப் பிடிச்சா வெக்க முடியும்' மட்டும் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. பதினான்கு மாதமாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன். நான் சொன்னதை அவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதற்குமேல் கேலியாக எழுத வரவில்லை. அழுதேன். மாடிப்படியில் உட்கார்ந்து, விரிப்புக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அசிங்கமாக அழுதேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். பிறகு சொன்னேன்.

"இங்க எல்லாரும் என்னை உங்க பேர் சொல்லித்தான்ப்பா கூப்பிடறாங்க. வந்த நாள்லேர்ந்து. எல்லா ஊர்லயும். பாஸ்போர்ட்ல அதுதான் கடைசிப் பேரு."

பிறகு கேட்டார், "சரியாச் சொல்றாங்களா?"

"இல்லை. இங்க இருக்கற அம்மா கடைசி எழுத்தை முழுங்கிடறாங்க."

"அது எங்க மேனேஜரும் முழுங்குவான்" என்றார்.

அப்புறம் வேலை. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஒவ்வோர் எழுத்தாகச் சொல் என்றார். அப்பா பெயரை அப்பாவுக்கே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார், விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. முடிந்ததும் இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். கடைசியில் ஒன்று கேட்டார்.

"வரத்தானே போறே? இல்லைன்னா கேன்சல் பண்ணிடறேன். கட்டாயம் ஒண்ணும் இல்லை."

"வர்றேன்ப்பா."

"சரி" என்று வைத்துவிட்டார். அம்மா குளித்துவிட்டு வந்தாளா, தெரியாது.

நவம்பர் 17, திங்கள்

குறட்டை காலை பஸ்ஸில் போய்விட்டாள். கட்டிப்பிடித்து, நீ தூக்கத்தில் பேசுகிறாய், தெரியுமா என்றாள். ஐந்து வாரமாக இதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்! நானும் அவள் குறட்டையைப் பற்றிச் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். கணக்கு நேர்.

ஒரு வருடமாகச் சுமந்த கூடாரத்தை விடுதிக்கே விட்டுவிட்டேன். வாய் பிளந்த ஷூ குப்பைக்கு.

அப்பா மெயில். திருத்திய டிக்கெட். இரண்டாவது கட்டத்தில் அவர் பெயர். இந்தத் தடவை ஒரு வரி இருக்கிறது: 'கவுன்ட்டரை விட்டு நகரும் முன் விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்.' அவர் தலைக்கு மேலே பலகையில் இருந்த வாசகம். அப்பா ஜோக் அடித்து நான் பார்த்ததில்லை. இது ஜோக்தானா என்பதும் நிச்சயமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கடைசியாகப் பதினான்கு படுக்கை. பிறகு, தங்கியவர்கள் மறந்துவிட்டுப் போன சாமான்களைப் போட்டுவைக்கும் பெட்டியைக் கிளறினேன். ஒற்றைக் கையுறை, மூன்று சார்ஜர், அடியில் ஒரு படிக்கிற கண்ணாடி. பவர் ஒன்றரை இருக்கும். வந்த முதல் நாளிலிருந்து சாவிக்காரிக்கு இதுதான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வாரம் என்ன செய்துகொண்டிருந்தேன்? சுடுநீரில் கழுவித் துடைத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டேன். பதிவேட்டைப் பிரித்தாள். அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இத்தனை நாளும் தன்னிடம் இத்தனை எழுத்து இருந்ததா என்பது போலப் பார்த்தாள்.

நான் கிளம்பும் நேரத்தை எழுத வேண்டிய வரிக்கு வந்ததும் நிறுத்தி, விரலை வைத்து, அப்பா பெயரைச் சத்தமாகப் படித்தாள். கடைசி எழுத்தோடு.

அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

(விமான நிலையம். நீலச் சாயக்காரி மாதிரி இன்னொருத்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அரை நிமிடம். இவ்வளவுதானா?)

நவம்பர் 19, புதன்

பை வரவில்லை. அப்பா வந்திருந்தார்.

நவம்பர் 21, வெள்ளி

பையை நடுவில் மாறிய விமானத்தில் ஏற்ற மறந்துவிட்டார்களாம், வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக அம்மாவின் புடவையைத் துவைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் நானும் அதிகம் பேசவில்லை. அன்று விமான நிலையத்தில், "சாப்பிட்டியா?" என்றார், "சாப்பிட்டேன்" என்றேன். நேற்று சாவிக்காரியின் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் போன் செய்திருக்கிறார். இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை.

காலை பத்து மணிக்கு வாசலில் வண்டி நின்றது. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் மின்விசிறியை ஸ்டூல் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். வந்த ஆள் அட்டையைப் பார்த்து அப்பா பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நான்தான்" என்றோம், இரண்டு பேரும்.

வந்தவர் ஸ்டூலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். சமையலறையில் அம்மா சிரித்தது கேட்டது. அப்பா மறுபடி உட்கார்ந்துகொண்டார். "அவளோடதுதான். அவ கையெழுத்துப் போடுவா" என்றார்.

போட்டேன். வண்டி போனதும் அப்பா எழுந்து வந்தார். பை கழுத்துவரை அழுக்கு, ஒரு பக்கம் மலையின் சேறு. அவர் அதைத் தூக்கவில்லை. குனிந்து, கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையை மட்டும் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"சரியா இருக்கு" என்றார்.